பன்னிரண்டாயிரத்து முந்நூறு: ஒரு தட்டுப்பாட்டின் வரவு செலவு

முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் கடைக்கு வந்த நாள் 1994 டிசம்பர் 3. ஜப்பானியர்கள் மாதத்தை முன்னால் வைத்து எழுதுவார்கள், ஆகவே 12-3. இருபது ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில், பழைய பெட்டியின் சாம்பல் நிறத்தைப் புதிய பிளேஸ்டேஷன் 4-க்குப் பூசி, உலகம் முழுவதற்கும் சேர்த்து 12,300 மட்டும் என்று சோனி அறிவித்தது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று விசாரித்து வந்த எண் அல்ல அது. நாட்காட்டியைப் பார்த்து எழுதிய எண்.

2015 ஜனவரி முதல் வாரம் வரை வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்த பிளேஸ்டேஷன் 4-கள் 1 கோடியே 85 லட்சம். 12,300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,504 பேருக்கு ஒன்று. அமெரிக்க விலை 499 டாலர். மொத்தத்தையும் அந்த விலைக்கே விற்றதாக வைத்துக்கொண்டால் 61 லட்சம் டாலர் வரவு. சோனி அளவுள்ள நிறுவனத்துக்கு இது டீச்செலவு என்று தள்ளிவிடலாம். தள்ளாமல் இன்னொரு படி உள்ளே போவோம்.

அப்போது சாதாரண பிளேஸ்டேஷன் 4-இன் விலை 399.99 டாலர். சிறப்புப் பெட்டியில் கூடவே வந்த கேமரா தனியாக வாங்கினால் 59.99. இரண்டும் சேர்ந்து 459.98. மிச்சம் 39 டாலர்தான். அந்த 39-க்குள் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் தாங்கி, சாம்பல் நிறம், பொறித்த வரிசை எண் எல்லாம் அடக்கம். அதாவது “உலகிலேயே 12,300 பேருக்குத்தான்” என்ற பெருமைக்கு சோனி தனியாகக் காசு வாங்கவில்லை என்றே சொல்லலாம்.

அந்தப் பெருமைக்கு மற்றவர்கள் என்ன விலை வைத்தார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வெளிப்படையாகவே கிடைக்கிறது. வரிசை எண் 00001 பொறித்த பெட்டியை சோனியே ஜப்பானில் இணைய ஏலத்தில் விட்டு, கிடைத்ததை ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்புக்குக் கொடுத்தது. ஏலம் முடிந்த தொகை 1 கோடியே 51 லட்சத்து 37 ஆயிரம் யென். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,29,000 டாலர். கடை விலையைப் போல 250 மடங்குக்கு மேல். உள்ளே ஓடிய சிப், 12,300-ஆவது பெட்டியில் ஓடியதுதான்.

லண்டனில் இதற்கு நேர் எதிரான கணக்கும் நடந்தது. ஷோர்டிச் பகுதியில் சில நாள்களுக்கென்று போட்ட தற்காலிகக் கடையில் 94 பெட்டிகள், தலைக்கு 19.94 பவுண்டு. 1994-ஐ விலையாக்கிவிட்டார்கள். மொத்த வசூல் 1,874 பவுண்டு 36 பென்ஸ். குளிரில் வரிசையில் நின்றவர்களைப் படம் பிடித்துப் பத்திரிகைகள் போட்டதற்கு விளம்பரக் கட்டணமாகப் பார்த்தால் இவ்வளவு மலிவாக வேறு எதுவும் அமையாது. சோனி வாங்காத காசு எந்த வடிவில் திரும்பி வந்தது என்பதற்கு இது ஒரு விடை.

2018 ஆகஸ்டில் 50 கோடி பிளேஸ்டேஷன்கள் விற்றதன் நினைவாக உள்ளே தெரியும்படியான அடர்நீலப் பெட்டி வந்தது. இம்முறை 50,000. விலை 499.99. நினைவுப் பெட்டிகளின் விலை ஆறு ஆண்டு கழித்துத்தான் இரட்டிப்பானது.

2024 செப்டம்பரில் முப்பதாம் ஆண்டுப் பெட்டி. மறுபடியும் 12,300. பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, விலை 999.99 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 84,000 ரூபாய். ஆயிரம் டாலர் என்றதும் கொள்ளை என்று பலர் கொதித்தார்கள். உள்ளே இருந்தவற்றை அன்றைய விலையில் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

சாதாரண ப்ரோ, ஒரு கன்ட்ரோலருடன்: 699.99
எட்ஜ் வகைக் கன்ட்ரோலர்: 199.99
சார்ஜ் போடும் தட்டு: 29.99
நிமிர்த்தி வைக்கும் தாங்கி: 29.99
கூட்டுத்தொகை: 959.96

வித்தியாசம் 40 டாலர் 3 சென்ட். அந்த நாற்பதுக்கு நிறம், பழைய கன்ட்ரோலர் பிளக் போலத் தோன்றும் கேபிள் உறை, நான்கு கேபிள் கட்டுகள், ஸ்டிக்கர், முப்பது வகைகளில் ஏதோ ஒரு போஸ்டர், ஒரு பேப்பர் க்ளிப். ஆம், க்ளிப்பும் பட்டியலில் உண்டு. டிஸ்க் டிரைவ் மட்டும் இல்லை. அதற்கான சாம்பல் நிற மூடி இருந்தது. வட்டத்தகட்டில் ஆட்டம் ஓட்டிய முதல் பெட்டியின் நினைவாக வந்த பெட்டி, வட்டத்தகட்டை வாங்கிக்கொள்ளாது. டிரைவ் வேண்டுமானால் அப்போது தனியே 79.99. ப்ரோ அறிவிப்புக்குப் பிறகு அந்த டிரைவுக்கே தட்டுப்பாடு வந்தது தனிக் கதை.

40.03-ஐ 12,300-ஆல் பெருக்கினால் 4,92,369 டாலர். அரிது என்ற ஒரு குணத்துக்காக சோனி கல்லாவில் போட்ட தொகை, அத்தனை இணைப்புப் பொருள்களின் அடக்கச் செலவையும் கழிக்காமல், இவ்வளவே. ஜப்பான் விலை 1,68,980 யென். மொத்தப் பெட்டிகளும் ஜப்பானில் விற்றதாகவே வைத்தாலும் 208 கோடி யென்னைத் தாண்டாது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு ஈட்டிய விற்பனை வரவு 4.67 லட்சம் கோடி யென். பத்தாயிரம் யென்னுக்கு நாலரை யென் வீதம் வருகிறது. 2024 செப்டம்பர் முடிவில் 6 கோடியே 55 லட்சம் பிளேஸ்டேஷன் 5-கள் உலகில் இருந்தன; ஆகவே இந்த முறை 5,325 பேருக்கு ஒன்று. போட்டி மூன்றரை மடங்கு கூடிவிட்டது, எண் அதேதான். இந்தியாவுக்கு ஒதுக்கீடு பூஜ்யம். வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லாததால் ப்ரோவே இந்தியக் கடைகளுக்கு வரவில்லை.

முன்பதிவு திறந்த அன்றே தீர்ந்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டு மறுவிற்பனைத் தளங்களில் பெட்டிகள் தலைகாட்டின. ஒரு பேச்சுக்கு, நாலில் ஒரு பங்குக்கும் குறைவாக, 3,000 பெட்டிகள் மட்டும் கைமாறின என்றும், ஒவ்வொன்றிலும் ஆயிரம் டாலர் மட்டும் கூடுதலாகக் கிடைத்தது என்றும் வைப்போம். 30 லட்சம் டாலர். சோனி வாங்கிய 4.92 லட்சத்தைப் போல ஆறு மடங்கு. முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டை ப்ளாக்கில் விற்பவரின் வருமானம் தியேட்டர் கணக்குப் புத்தகத்தில் ஏறாத மாதிரி, இந்த முப்பது லட்சமும் எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறாது.

அப்படியானால் ஏன் நூறாயிரம் செய்யவில்லை? விலையை ஏன் இரட்டிப்பாக வைக்கவில்லை? “வேண்டுமென்றே தட்டுப்பாடு செய்கிறார்கள்” என்ற பழைய புகாருக்கு இந்தப் பெட்டிகள் நல்ல சாட்சிதான். 12,300 என்று எண்ணை முன்கூட்டியே அறிவித்தவரிடம் வேண்டுமென்றா, தவறிப்போயா என்று கேட்க என்ன இருக்கிறது? ஆனால் எல்லாத் தட்டுப்பாடும் இந்த வகை அல்ல. எண்ணை அறிவிக்காமலேயே கடைத்தட்டு காலியாவது இன்னொரு வகை. அதன் கணக்கைப் பிரித்தால் சூழ்ச்சியைவிட பயம்தான் அதிகம் தென்படுகிறது. மிஞ்சிவிடுமோ என்ற பயம்.

நின்டெண்டோவின் அமீபோ பொம்மைகளை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அளவுப் பொம்மை. அடித்தட்டில் ஒரு சில்லு. கன்ட்ரோலரில் தொட்டால் ஆட்டத்துக்குள் ஏதாவது திறக்கும். சில்லின் கொள்ளளவு 540 பைட். 2014 நவம்பர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் முதல் 12 பாத்திரங்கள், ஒன்று 12.99 டாலர். மாரியோவும் பிகாச்சுவும் மலைபோல் குவிந்து கிடக்க, மார்த், வில்லேஜர், வீ ஃபிட் ட்ரெய்னர் மூன்றும் காணாமல் போயின. இந்த மூவரை அதிகம் பேர் கேட்க மாட்டார்கள் என்று கம்பெனியும் கடைக்காரர்களும் போட்ட கணக்கு அது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வெளிறிய பெண் பொம்மையை யார் வாங்குவார்? கிடைக்காது என்று தெரிந்ததும் எல்லோரும் வாங்கினார்கள். போதாக்குறைக்கு அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களில் தொழிலாளர் தகராறு. கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன.

தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது பழுதும் பொக்கிஷமானது. கால் இல்லாமல் வெளிவந்த இளவரசி பீச் பொம்மைக்கு ஏலம். ஒரு கைக்குப் பதில் இரண்டு கையிலும் பீரங்கி ஒட்டிய சாமுஸ் பொம்மை சுமார் 2,500 டாலருக்கு விலைபோனது. கடை விலையைப் போல 190 மடங்கு. தர ஆய்வில் ஒதுக்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டிய பொம்மை.

“அமீபோ கிடைக்கவே இல்லை” என்று ஊரெல்லாம் புலம்பிய அந்தக் காலத்தின் உண்மையான எண்ணிக்கை: 2015 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், அதாவது வெறும் நாலு மாதச் சொச்சத்தில், 1 கோடியே 5 லட்சம் பொம்மைகள். அடுத்த ஆண்டு 2 கோடியே 47 லட்சம். அதற்கடுத்த ஆண்டு 91 லட்சம். அதன் பின் 1 கோடியே 3 லட்சம். இந்த வரிசையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மூன்றாவது எண்ணைத்தான். ஒரே ஆண்டில் முக்கால் பங்கு இல்லாவிட்டாலும் அறுபது சதவீதத்துக்கு மேல் சரிவு. இரண்டாம் ஆண்டின் வேகத்தை நம்பி மூன்றாம் ஆண்டுக்கு அச்சு வார்த்திருந்தால் ஒன்றரைக் கோடி பொம்மை கிடங்கில் உட்கார்ந்திருக்கும்.

அப்படி உட்கார்ந்த கதையும் அதே ஆண்டுகளில், அதே வியாபாரத்தில் நடந்தது. டிஸ்னி இன்ஃபினிட்டி: அதே மாதிரிச் சில்லு, அதே அளவுப் பொம்மை, 2013 ஆகஸ்டில் தொடக்கம். டிஸ்னி பொம்மைக்குத் தட்டுப்பாடு என்று யாரும் அழுததில்லை, தாராளமாகக் கிடைத்தது. 2016 மே மாதம் கடையைக் கட்டினார்கள். கணக்கில் எழுதிய நட்டம் 14.7 கோடி டாலர். இதை அமீபோவோடு பக்கத்தில் வையுங்கள். முதல் பருவத்தில் விற்ற 1.05 கோடி அமீபோக்களை அமெரிக்கக் கடை விலையில் பெருக்கினால் 13.6 கோடி டாலர். ஒரு கம்பெனியின் முதல் பருவ விற்பனை முழுவதையும் இன்னொரு கம்பெனியின் நட்டம் விழுங்கிவிடுகிறது. ஆட்டத்தை உருவாக்கிய சால்ட் லேக் சிட்டியின் அவலாஞ்ச் கூடத்தில் சுமார் 300 பேருக்கு வேலை போனது.

குறைத்துச் செய்தவரை வாடிக்கையாளர் திட்டுவார். கூட்டிச் செய்தவரைக் கணக்காளர் மூடிவிடுவார். எந்த மேலாளரும் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

ஃபங்கோ பாப் இன்னும் பச்சையான எடுத்துக்காட்டு. பெரிய தலை, பொட்டுக் கண், கையடக்கப் பெட்டி. இந்த நிறுவனத்தின் வியாபாரமே “இந்தக் கடையில் மட்டும்”, “இந்த விழாவில் மட்டும்”, “இனி செய்ய மாட்டோம்” என்ற மூன்று முத்திரைகளில் நின்றது. 2022 முடிவில் அதன் கையிருப்புச் சரக்கின் மதிப்பு 24.64 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 48 சதவீதம் அதிகம். அரிசோனாவில் கட்டிய விநியோகக் கிடங்கு கொள்ளாமல், சரக்கை வைத்திருக்கும் செலவு சரக்கைத் தின்னத் தொடங்கியது. 2023 மார்ச்சில் நிறுவனம் அறிவித்தது: 3 கோடி முதல் 3.6 கோடி டாலர் பெறுமான பொம்மைகளை அழித்துவிடுவோம். மொத்தக் கையிருப்பில் எட்டில் ஒரு பங்கு. ஒரு பக்கம் எண்ணிச் செய்த சில பெட்டிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பவர். இன்னொரு பக்கம் லாரியில் குப்பைமேட்டுக்குப் போகும் அதே கம்பெனிப் பொம்மை. இரண்டுக்கும் வித்தியாசம் பிளாஸ்டிக்கின் எடையில் இல்லை.

குப்பைமேடு என்றதும் அட்டாரியை விட்டுவிட முடியாது. 1982 கிறிஸ்துமஸுக்காக ஐந்தே வாரத்தில் எழுதிய ‘ஈ.டி.’ ஆட்டத்துக்குச் சுமார் 40 லட்சம் கார்ட்ரிட்ஜ் செய்தார்கள். பாதிக்கு மேல் திரும்பி வந்தது. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகார்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் லாரி லாரியாகக் கொட்டி, மேலே சிமென்ட் ஊற்றினார்கள். புதைத்தவை பல ஆட்டங்களும் சேர்ந்து சுமார் 7,28,000 என்பது அந்த வேலையை நடத்திய பழைய மேலாளரின் கணக்கு. 2014 ஏப்ரலில் தோண்டியபோது மேலே வந்தவை ஏறத்தாழ 1,300. அதாவது 560-க்கு ஒன்று.

நகராட்சி அவற்றில் 881-ஐ ஏலத்தில் விட்டது. இது அதன் வரவு செலவு:

மொத்த வரவு: 1,07,930 டாலர்
அனுப்பும் செலவும் பிறவும்: சுமார் 26,600
உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்கு: சுமார் 16,260
நகராட்சிக்கு: சுமார் 65,040

சராசரி ஒரு கார்ட்ரிட்ஜ் 122 டாலர். நசுங்கியது, நாறியது, பெரும்பாலும் ஓடாதது. ஒரு ‘ஈ.டி.’ மட்டும் 1,535 டாலர் வரை போனது. அட்டாரி அன்று பத்து டாலருக்குக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாத சரக்கு, மண்ணுக்குள் முப்பது ஆண்டு கிடந்ததால் அரிதாகிவிட்டது. நகராட்சிக்காரர்கள் மொத்தத்தையும் தோண்டாமல் நிறுத்திக்கொண்டதற்குத் தோண்டும் செலவும் சட்டமும் காரணம். ஆனாலும் வியாபாரம் தெரிந்தவர் செய்யக்கூடியதும் அதுவே.

மிஞ்சிவிடுமோ என்ற பயத்தை உதறிவிட்டுக் கூடுதலாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை நின்டெண்டோவே பின்னால் காட்டியது. 2016 நவம்பரில் வந்த என்.இ.எஸ். கிளாசிக், 59.99 டாலர், உள்ளே 30 பழைய ஆட்டங்கள். இதில் அரிதாக எதுவும் இல்லை என்பதே வேடிக்கை. உள்ளிருந்த நினைவகம் 512 மெகாபைட். முதல் சூப்பர் மாரியோ ஆட்டத்தின் அளவு 40 கிலோபைட். அதே ஆட்டத்தை 13,000 முறைக்கு மேல் நகல் எடுத்து அடைக்கலாம். 2017 ஏப்ரலில், விற்பனை உச்சத்தில் இருக்கும்போதே, இனி செய்ய மாட்டோம் என்று நிறுத்தினார்கள். அதுவரை விற்றது 23 லட்சம். நின்டெண்டோவின் புதிய கன்சோலான ஸ்விட்ச் அந்த மார்ச்சில்தான் வந்திருந்தது. ஆள்பலமும் பணமும் அங்கே வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ப்ளாக்கில் விலை ஏறியது. 2018 ஜூன் 29-ஆம் தேதி மறுபடியும் சரக்கு இறங்கியது. அந்த ஜூன் மாதக் கணக்கில் அமெரிக்காவில் எண்ணிக்கைப்படி அதிகம் விற்ற கன்சோல் இதுதான். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், சொந்த வீட்டு ஸ்விட்ச் எல்லாம் பின்னால். தம்பி எஸ்.என்.இ.எஸ். கிளாசிக்கோடு சேர்த்து 2018 இலையுதிர்காலத்துக்குள் ஒரு கோடியைத் தாண்டியது. நிறுத்தியபோது கைவிட்ட வியாபாரம் எவ்வளவு என்பது இதிலிருந்து தெரிகிறது. இது திட்டமிட்ட சூழ்ச்சி என்றால் மிக மோசமான திட்டம்.

லபூபூ பொம்மையின் கணக்கு வேறு ஜாதி. அங்கே தட்டுப்பாட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள். எந்தப் பொம்மை இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டி. ரகசியப் பொம்மை வருவதற்கான வாய்ப்பு 72-இல் 1. பெட்டி 99 யுவான் வீதம் 72 வாங்கினால் 7,128 யுவான். அவ்வளவு செலவழித்தும், ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் வாங்கியிருந்தால், நூறு பேரில் 36 அல்லது 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். சீட்டுக் குலுக்கல் என்று இதைச் சொன்னால் நிறுவனத்துக்குக் கோபம் வரும். வேறு என்ன சொல்வது? லபூபூவை விற்கும் பாப் மார்ட் நிறுவனத்தின் 2024 அறிக்கையில் லபூபூ அடங்கிய வரிசைக்கு மட்டும் 304 கோடி யுவான் வரவு, முந்தைய ஆண்டைவிட 726.6 சதவீதம் கூடுதல். 2025 ஜூன் 10-ஆம் தேதி பீஜிங் ஏலத்தில் ஆளுயரப் பச்சை லபூபூ ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. எட்டு நாள் கழித்து நிறுவனம் இணையத்தில் பெரிய அளவில் முன்பதிவைத் திறந்தது. மறுவிற்பனை விலை சில நாளில் பாதியாக விழுந்தது. வழக்கையும் மிரட்டலையும்விட கூடுதல் சரக்குதான் ப்ளாக்காரருக்குப் பெரிய எதிரி என்பதற்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைக்காது.

நின்டெண்டோ இந்தப் பாடத்தை ஸ்விட்ச் 2-இல் விலையாகவும் விதியாகவும் எழுதியது. 2025-இல் விற்பனை தொடங்கியபோது ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் பெட்டி 49,980 யென். எல்லா மொழியும் வரும் பெட்டி 69,980 யென். அந்த இருபதாயிரம் யென், வாங்கி வெளிநாட்டுக்குக் கப்பலேற்ற நினைப்பவர் கட்டும் சுங்கம். கம்பெனியின் சொந்தக் குலுக்கலில் பெயர் கொடுக்க, பழைய ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டியிருந்தது. இணையச் சந்தா மொத்தம் ஓராண்டு கட்டியிருக்கவும் வேண்டியிருந்தது. இத்தனை சல்லடைக்குப் பிறகும் ஜப்பானில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் தேறினார்கள். இவ்வளவு பேரை எதிர்பார்க்கவில்லை, முதல் குலுக்கலில் கணிசமானவர்களுக்குக் கிடைக்காது என்று 2025 ஏப்ரலில் தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். ஜூன் 5-ஆம் தேதி விற்பனை தொடங்கி நான்கு நாளில் உலகம் முழுவதும் 35 லட்சம். ஜூன் முடிவில் 58.2 லட்சம், செப்டம்பர் முடிவில் 1 கோடியே 3.6 லட்சம். முதல் வாரத்தில் ப்ளாக்கில் ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்கியவர், அந்தக் கூடுதல் பணத்துக்குப் பெற்றது அதிகபட்சம் ஒரு கோடைகால முந்துதல்.